டயரியிலை எழுதாத துள்ளல்

1. திரைச்சீலை

கவின் என்ரை வீட்டுக்கு வந்த முதல் நாள், வந்து கால் மணித்தியாலம் ஆகேல்லை, முன் அறைத் திரைச்சீலையைப் பிடிச்சுத் தொங்கி, அதைக் கம்பியோடை சேர்த்துக் கீழை கொண்டுவந்திட்டான். அப்ப அவனுக்கு மூண்டு வயசும் ரெண்டு மாசமும். சுவரிலை ரெண்டு ஓட்டை, நிலமெல்லாம் வெள்ளைத் தூள், நடுவிலை இவர் அந்தத் துணியைப் போர்த்துக்கொண்டு நிண்டு சிரிக்கிறார். 

நான் இந்த வெள்ளைக்கார நாட்டிலை, குட்மேய்ஸ் எண்ட ஊரிலை, பத்தொன்பது வருசம் சைல்ட்மைண்டரா இருந்தனான். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன்: தாய் தகப்பன் வேலைக்குப் போற நேரம் சின்னப் பிள்ளையளை எங்கடை வீட்டிலை வைச்சுப் பார்க்கிற வேலை. சும்மா வைச்சுப் பார்க்கேலாது. பதிவு வேணும், கோர்ஸ் செய்யவேணும், இன்ஸ்பெக்டர் வந்து அடுப்படி தொடக்கம் கக்கூஸ் வரைக்கும் பார்ப்பா. ஐஞ்சு வயசுக்குக் கீழை மூண்டு பிள்ளையளுக்கு மேலை எடுக்கேலாது. இப்ப எங்கடை இளம் பெண்பிள்ளையள் கனபேர் இந்த வேலைக்கு வருகினம். அவையளிலை ரெண்டு பேர், "சரோ அன்ரி, உங்கடை அனுபவத்தை எங்களுக்கு எழுதித் தாங்கோவன்" எண்டு கேட்டவை. நல்ல கதையளும் இருக்கு. ஆனால் எழுதவெண்டு குந்தினால் இந்தக் கதைதான் முன்னுக்கு வந்து நிக்குது.

கவினின்ரை தாய் தர்சினி. ஆஸ்பத்திரி மருந்துப் பகுதியிலை பயிற்சி, கடைசி வருசம். வாற கோடையிலை ஒரு பரீட்சை, அதோடை முழுப் பார்மசிஸ்ட். தகப்பன் ஃபாரஸ்ட் கேட்டிலை ஒரு மளிகைக்கடையிலை மனேஜர். விடிய முன்னம் போனால் இருட்டினாப் பிறகுதான் வீடு. அவையள் இருந்தது மாடி ஃபிளட். நிலம் பலகை. பெடியன் ரெண்டடி ஓடினாலே கீழ்வீட்டுக்காரர் கூட்டுற தும்புத்தடியாலை தன்ரை வீட்டு முகட்டிலை இடிப்பாராம்.

அண்டைக்குப் பின்னேரம் தர்சினி வந்து சுவரிலை இருந்த ஓட்டையைப் பார்த்திட்டு முகம் செத்துப் போனா.

"அன்ரி, நாளைக்கும் கொண்டுவரலாமோ?" எண்டு கேட்டா.

"ஏன் பிள்ளை, கொண்டுவராமல்? கம்பிதானே, என்ரை மனுசன் பூட்டித் தருவார்."

அவ சப்பாத்தைக்கூடக் கழட்டாமல் வாசலிலையே நிண்டவ. "அன்ரி, வேறை ஒண்டும் வேண்டாம். இவனை ஒரு இடத்திலை இருக்கப் பழக்கித் தாங்கோ. அது காணும்."

"அதுக்கென்ன, பழக்கலாம்" எண்டு சொன்னனான். யோசிக்காமல் சொன்ன சொல்லு.

2. உள்ளுக்குள்ளை ஓட்டம்

கார்த்திகை தொடக்கம் பங்குனி வரைக்கும் எங்கடை வேலை எப்பிடியெண்டு தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும். மூண்டு மணிக்கே வெளிச்சம் போகத் தொடங்கும். வளவு முழுக்கச் சேறு. பார்க்குக்குக் கொண்டுபோவமெண்டால், "அன்ரி, இந்தக் குளிருக்கை வெளியிலை கொண்டுபோகாதேங்கோ, நெஞ்சிலை சளி கட்டிடும்" எண்டு மூண்டு தாய்மாரும் ஒரே குரலிலை சொல்லுவினம். அப்ப பிள்ளை எங்கை ஓடுறது? சோபாவுக்கு மேலை ஓடும், திரைச்சீலையிலை தொங்கும். அது குழப்படி இல்லை. உடம்புக்குள்ளை இருக்கிறதை எங்கையாவது கொட்டத்தானே வேணும்.

கவினை ரெண்டு நாள் பார்த்தனான். "ஓடாதை, இரு" எண்டால் கதிரையிலை இருப்பான், ஆனால் கதிரை ஓடும். மூண்டாம் நாள் நான் உடுப்புக் கூடையை இழுத்துக்கொண்டு போகேக்கை, வந்து பின்னுக்கு நிண்டு தள்ளத் தொடங்கினான். பல்லைக் கடிச்சுக்கொண்டு, வேர்த்து வழிய, அடுப்படி மட்டும் தள்ளினான். தள்ளி முடிச்சுப்போட்டு நிலத்திலை குந்தி என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கோ, அவ்வளவு அமைதி. அப்பதான் கோர்ஸிலை ஒரு மனுசி படிப்பிச்சது ஞாபகம் வந்தது: சில பிள்ளையளின்ரை உடம்புக்குப் பாரம் வேணும், தள்ளவேணும், இழுக்கவேணும், தூக்கவேணும், பிறகுதான் இருக்கும். அண்டைக்குக் குறிப்பு எடுத்துப்போட்டுக் கொப்பியை மேசை லாச்சிக்குள்ளை வைச்சனான். அதுதான் படிப்பெண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

பிறகு நான் என்ரை முன் அறையையே மாத்திப்போட்டன். சோபா சுவரோடை. கம்பளத்தைச் சுருட்டி மேலை ஏத்தியாச்சு. பெயின்ற் அடிக்கேக்கை ஒட்டுற நீல ரேப்பாலை நிலத்திலை கோடு: நேர்க்கோட்டிலை நடக்கிறது, வளைஞ்ச கோட்டிலை நொண்டியடிக்கிறது, பெட்டிக்குப் பெட்டி பாயிறது. படிக்கட்டின்ரை கடைசிப் படிக்குக் கீழை பழைய மெத்தை. ஒரு நேரத்திலை ஒராள்தான், எண்ணிக்கொண்டு பாயவேணும். கதவு நிலையிலை கயிறு கட்டி, பழைய சொக்ஸுக்குள்ளை துணி அடைஞ்சு தொங்கவிட்டு, பேப்பரைச் சுருட்டி அடிக்கிறது. பேந்து உடுப்புக் கூடைக்குள்ளை ஐஞ்சு கிலோ அரிசிப் பை. அதுதான் கவினின்ரை லொறி. "அப்பான்ரை கடைக்குச் சாமான்!" எண்டு கத்திக்கொண்டு வாசலிலை இருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலை இருந்து வாசலுக்கு.

எல்லாம் முடிய, கடைசியாய் ரோல்ஸ், கடையிலை விக்கிற சுருட்டின பலகாரம் மாதிரி. கம்பளிப் போர்வையை விரிச்சு, பிள்ளையை ஒரு ஓரத்திலை படுக்கவைச்சு, முகம் வெளியிலை தெரியக்கூடியதாய், மெல்ல மெல்லச் சுத்திக்கொண்டு போறது. "இது மட்டன் ரோல்ஸோ, மீன் ரோல்ஸோ?" எண்டு கேட்டால், "சொக்லேட் ரோல்ஸ்!" எண்டு கவின் உள்ளுக்குள்ளை கிடந்து சொல்லுவான். பிறகு தோளிலை இருந்து கால் மட்டும் கையாலை அமத்தி அமத்தி விடுவன். கண் அரைவாசி மூடும். அப்பிடியே பத்து நிமிசம் அசையாமல் கிடப்பான். திரைச்சீலையைப் புடுங்கின பெடியன்தான்!

இதுக்கெல்லாம் என்ரை வீட்டிலை ஒரு முதல் சட்டம் இருந்தது: சொக்ஸ் கழட்டவேணும். வழுக்கிற லமினேற் நிலம், சொக்ஸோடை ஓடினால் மண்டை உடையும். ஹீற்றிங் போட்டிருக்கு, வெறுங்கால் நிலத்தைப் பிடிக்கும். ஆனால் எங்கடை தாய்மாருக்கு மார்கழியிலை வெறுங்கால் எண்டால் உயிர் போயிடும். அதாலை தாய்மார் வர முன்னம், ஐஞ்சே காலுக்கு எல்லாருக்கும் திருப்பிப் போட்டுவிடுவன். கொஞ்ச நாளிலை கவின் தானே பழகிட்டான். காலமை வந்து வாசலிலை குந்தி ரெண்டு சொக்ஸையும் கழட்டி என்ரை கையிலை தருவான். பின்னேரம் மணிக்கூட்டை நான் பார்த்த உடனை, "அம்மா கமிங், சொக்ஸ்!" எண்டு ஓடிவருவான். எனக்கு அது ஒரே பகிடி. சின்னக் கள்ளன் எண்டு கன்னத்தைக் கிள்ளுவன்.

தாய்க்கு ஒளிக்கப் பழக்கினது நான்தான் எண்டு அப்ப மண்டையிலை ஏறேல்லை.

3. டயரி

சைல்ட்மைண்டருக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டயரி இருக்கும். என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரம் நித்திரை, என்ன செய்தது எண்டு அண்டண்டைக்கு எழுதவேணும். வெள்ளிக்கிழமை தாயோ தகப்பனோ வாசிச்சுக் கையெழுத்து வைப்பினம்.

வேலை தொடங்கின முதல் வருசம் நான் உள்ளதை உள்ளபடிதான் எழுதினனான். ஒரு பெண்குழந்தையின்ரை டயரியிலை, "இண்டைக்கு மெத்தையிலை பாய்ஞ்சவ, நண்டு மாதிரி நடந்தவ, நல்லாச் சிரிச்சவ" எண்டு எழுதினன். தகப்பன் வாசிச்சுப்போட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்ரி, துள்ளுறதெண்டால் வீட்டிலையே துள்ளுவாதானே. எழுத்து ஒண்டும் சொல்லிக்குடுக்கிறேல்லையோ?"

ரெண்டு கிழமையிலை பிள்ளையை நிப்பாட்டிப் போட்டினம். அடுத்த தெருவிலை இன்னொரு சைல்ட்மைண்டர் மேசை கதிரை போட்டு இருத்திவைச்சு எழுதப் பழக்கிறாவாம். அண்டைக்கு எனக்கு வந்த கோவமும் வெக்கமும் கொஞ்சமில்லை. ஊரிலை படிப்பிச்சுப்போட்டு வந்த என்னை, பிள்ளையளைத் துள்ளவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கிறவ எண்டு நினைச்சிட்டினமே!

அதுக்குப் பிறகு நான் செய்யிறது ஒண்டு, எழுதுறது ஒண்டு. பிள்ளையைத் துள்ளவிடுவன், அது பிள்ளைக்குத் தேவை எண்டு எனக்குத் தெரியும். டயரியிலை, "அ, ஆ எழுதினவர். ஒரு மணித்தியாலம் அமைதியா இருந்து புத்தகம் பார்த்தவர்" எண்டு எழுதுவன், அது தாய் தகப்பனுக்குத் தேவை எண்டு நினைச்சன். முழுப் பொய்யும் இல்லை. ரோல்ஸ் முடிய மூண்டு நிமிசம் பென்சில் பிடிப்பான். அந்த மூண்டு நிமிசத்துக்குள்ளை ஒரு படம் எடுத்துப் போனிலை அனுப்பிவிடுவன். மூண்டு நிமிசம் டயரிக்குள்ளை ஒரு மணித்தியாலம் ஆகிப்போச்சு. கொஞ்சம் கூட்டி எழுதினால் ஆருக்கு என்ன நட்டம் எண்டு இருந்திட்டன்.

என்ரை வாழ்க்கையிலை நான் வடிவாய்ச் செய்த வேலை அதுதான். அதைத்தான் நான் வெக்கப்பட்டு ஒளிச்சனான்.

4. அன்பாச் சொல்லிப் பாருங்கோ

தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. வெளியிலை ஊத்துது மழை. தர்சினி குடையை மடக்கிக்கொண்டு வந்து, டயரியை வாசிச்சு, கையெழுத்து வைச்சிட்டுப் போகாமல் நிண்டா. கண்ணுக்குக் கீழை கறுப்பு. கவின் சொக்ஸும் சப்பாத்தும் போட்டு, நல்ல பிள்ளையாய் என்ரை காலோடை ஒட்டிக்கொண்டு நிக்கிறான்.

"அன்ரி, ஒண்டு கேட்கட்டோ? நீங்கள் இவனுக்கு என்ன செய்யிறியள்?"

"ஏன் பிள்ளை?"

"உங்களிட்டை ஒரு மணித்தியாலம் இருக்கிறான். என்னட்டை ஒரு நிமிசம் இருக்கிறானில்லை. சனி ஞாயிறு எண்டால் எனக்குப் பயமாக்கிடக்கு. கட்டிலுக்கு மேலை ஏறிப் பாயிறான், கீழை மனுசன் இடிக்குது, நான் கத்துறன், அவன் அழுறான். பரீட்சைக்கு ஒரு பக்கம் படிக்கேலாது. இவன்ரை அப்பாவும், 'அங்கை ஒழுங்கா இருக்கிறவன் உன்னட்டை வந்து ஏன் பேயாட்டம் ஆடுறான்' எண்டு கேட்கிறார். எனக்குப் பதில் தெரியேல்லை அன்ரி."

பதில் எனக்குத் தெரியும். அவவுக்குப் பின்னாலை கதவு நிலையிலை அந்தத் துணிப் பந்து கயிற்றோடை தொங்கிக்கொண்டு இருக்கு. உடுப்புக் கூடைக்குள்ளை அரிசிப் பை கிடக்கு. ரெண்டு நிமிசம் காணும்: "பிள்ளை, இவன் இங்கையும் துள்ளுறவன்தான். நாள் முழுக்கத் துள்ளுறவன். பாரம் தள்ளவிடுங்கோ, போர்வையிலை சுத்துங்கோ, பிறகு இருப்பான்." இவ்வளவுந்தான் சொல்லவேண்டி இருந்தது.

ஆனால் டயரி அவவின்ரை கையிலை இருக்கு. மை காயேல்லை. இப்ப சொன்னால், அப்ப இவ்வளவு நாளும் எழுதினது என்ன எண்டு கேட்பாதானே?

நான் சொன்னன்: "கொஞ்சம் அன்பாச் சொல்லிப் பாருங்கோ பிள்ளை. கேட்பான்."

அவ தலையை ஆட்டிப்போட்டு, பெடியனைத் தூக்கிக்கொண்டு மழைக்குள்ளை போனா. அன்பு இல்லாமலோ அவ அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினவ? ஒரு தாயைப் பார்த்துச் சொல்லுற கதையே அது! பத்தொன்பது வருசத்திலை நான் சொன்ன எத்தினையோ சொல்லுக்குள்ளை அந்த ஒரு சொல்லைத்தான் திருப்பி எடுக்கவேணும் போலை கிடக்கு.

5. திங்கட்கிழமை

மூண்டு கிழமை கழிச்சு ஒரு திங்கட்கிழமை கவின் வரேல்லை. பத்து மணிபோலை தகப்பன் போன் எடுத்தார். "அன்ரி, கவின் விழுந்திட்டான். நாடியிலை, வாய்க்குக் கீழை, நாலு தையல். கொஞ்ச நாளைக்கு வரமாட்டான். கவுன்சிலிலை இருந்து உங்களோடை கதைப்பினம்." 

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை. கவின் பாய்ஞ்சுகொண்டே இருந்திருக்கிறான், கீழ்வீட்டுக்காரர் இடிச்சுகொண்டே இருந்திருக்கிறார். தர்சினி முதலிலை அன்பாய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறா. பிறகு, அங்கை ஒரு மணித்தியாலம் இருக்கிற பிள்ளைதானே, இங்கையும் இருக்கப் பழகட்டும் எண்டு, அவனைச் சின்னனிலை இருத்தித் தள்ளின பழைய பக்கியை முன் அறைக்குள்ளை விரிச்சு, அதிலை இருத்திப் பட்டியைப் போட்டு, கையிலை புத்தகத்தைக் குடுத்திருக்கிறா. அவ ரீ போட அடுப்படிக்குத் திரும்பின நேரம் பெடியன் உந்தி உந்தி, பக்கியோடை முகம் குப்புற விழுந்திட்டான். மேசை ஓரம் நாடியைக் கிழிச்சிட்டுது.

ஆஸ்பத்திரியிலை எப்பிடி விழுந்தவர் எண்டு கேட்டிருக்கினம். ஓடேக்கை விழுந்தவர் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டை விட்டிருப்பினம். அவ பட்டி போட்டதைச் சொல்லிப்போட்டா, அவையள் கவுன்சிலுக்கு அறிவிச்சுப்போட்டினம். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

செவ்வாய்க்கிழமை கவுன்சிலிலை பிள்ளையளின்ரை பாதுகாப்பைப் பார்க்கிற சோஷல் வேர்க்கர் என்ரை வீட்டுக்கு வந்தா. சாந்தமான வெள்ளைக்கார மனுசி. ரீ வேண்டாமெண்டு தண்ணி வாங்கிக் குடிச்சா. கவின் இங்கை எப்பிடி எண்டு கேட்டா. நல்ல பிள்ளை எண்டு சொன்னன். டயரியைப் பார்க்கலாமோ எண்டு கேட்டா. தமிழிலை எழுதின இடமெல்லாம் அவவுக்கு நான்தான் வாசிச்சு இங்கிலிஷிலை சொல்லவேண்டி வந்தது. என்ரை வாயாலையே வாசிச்சன்: ஒரு மணித்தியாலம் அமைதியா இருந்தவர். அமைதியா இருந்தவர். அமைதியா இருந்தவர்.

"அப்ப இங்கை இந்தப் பிள்ளையை இருத்துறதிலை ஒரு கரைச்சலும் இல்லை?" எண்டு கேட்டா.

கீழை நிலத்திலை நீலக் கோடு கிடக்கு. அவவின்ரை கால் அதுக்கு மேலைதான் இருந்தது. நான் "இல்லை" எண்டன். அவ அதைக் குறிச்சுக்கொண்டு, டயரிப் பக்கங்களைப் படமும் எடுத்துக்கொண்டு போனா.

6. பதினொரு நாள்

விசாரணை முடியிற வரைக்கும் தர்சினி பிள்ளையோடை தனிய இருக்கக்கூடாது, இன்னொரு பெரிய ஆள் பக்கத்திலை இருக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டினம். நாலு தையலுக்கு மட்டுமில்லை. வேறை இடத்திலை சாந்தமாய் இருக்கிற பிள்ளை தாயிட்டை மட்டும் ஏன் இப்பிடி எண்டு அவையளுக்குக் கேள்வி. கேள்வி சரிதான். அதைக் கிளப்பினது என்ரை டயரி. தகப்பன் கடையிலை லீவு எடுத்துக்கொண்டு வீட்டிலை நிண்டார். தர்சினி பயிற்சிக்குப் போறதை விட்டிட்டா. இதெல்லாம் தகப்பன் போனிலை சொன்னவர். "அன்ரி, அவ பிள்ளையைத் தொடவே பயப்பிடுறா" எண்டார்.

நான் என்ரை மனுசனிட்டைச் சொன்னன், நான் எழுதினது பொய், போய்ச் சொல்லப்போறன் எண்டு.

"உனக்கென்ன விசரே? பதிவு போச்செண்டால் மற்ற ரெண்டு பிள்ளையளின்ரை தாய்மார் என்ன செய்யிறது? அவன் இருந்தவன்தானே, மூண்டு நிமிசமெண்டாலும்."

மனுசனைக் குறை சொல்ல வரேல்லை. அவர் சொன்னதைத்தான் நானும் கேட்க விரும்பினனான். அதாலை கேட்டுக்கொண்டு இருந்திட்டன். பதினொரு நாள். ஒவ்வொரு நாள் காலமையும் மற்ற ரெண்டு பிள்ளையளின்ரை சொக்ஸைக் கழட்டிப்போட்டு, மூண்டாவது சோடிக்கும் கையை நீட்டுவன். கூடையைத் தள்ளுறதுக்கு ஆளில்லை. அரிசிப் பையை எடுத்துத் திரும்ப அடுப்படிக்குள்ளை வைச்சிட்டன்.

பன்ரெண்டாம் நாள் சோஷல் வேர்க்கருக்குப் போன் எடுத்து, டயரியிலை இருக்கிறது நடந்ததில்லை எண்டு சொன்னன்.  "ஏன் அப்பிடி எழுதினீங்கள்?" எண்டு கேட்டா. தாய் தகப்பனுக்கு விருப்பமெண்டு எழுதினன் எண்டன். எனக்கே கேட்க வெக்கமாய்க் கிடந்தது. பிறகு அவ வந்து, மெத்தை, கோடு, கூடை எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு போனா. இன்ஸ்பெக்ஷன் ஆக்கள் எனக்கு எச்சரிச்சு ஒரு கடுதாசி போட்டினம், ரெண்டு தரம் வந்தும் பார்த்தினம். பதிவு தப்பிச்சுது. தர்சினியின்ரை வீட்டு விசாரணையும் வசந்தத்துக்கு முன்னம் முடிஞ்சு, ஒரு பிழையும் இல்லையெண்டு விட்டிட்டினம். நான் பயந்த ஒண்டுமே நடக்கேல்லை பாருங்கோ. ஒரு போனிலை சொல்லக்கூடிய கதைக்குத்தான் பதினொரு நாள் கூட அந்தத் தாய் தன்ரை பிள்ளையைத் தொடப் பயந்துகொண்டு இருந்தவ.

7. மாடி ஃபிளட்

விசாரணை முடிஞ்ச சனிக்கிழமை நான் அவையளின்ரை வீட்டுக்குப் போனன். தகப்பன்தான் கதவு திறந்தார். உள்ளுக்கு வர வழி விட்டு விலகி நிண்டார். தர்சினி நடையிலை வந்து நிண்டா. மெலிஞ்சுபோனா.

நான் வாயைத் திறக்க முன்னம் கவின் அறைக்குள்ளாலை ஓடிவந்தான். நாடியிலை தையல் எடுத்த சிவப்புக் கோடு. என்னைக் கண்டதுதான் தாமதம், அந்த நடையிலையே தொப்பெண்டு குந்தி, ஒரு சொக்ஸைக் கழட்டினான், மற்ற சொக்ஸைக் கழட்டினான், ரெண்டையும் சேர்த்து என்ரை கையிலை தந்தான்.

"ஏனடா கழட்டுறாய்? குளிருது" எண்டா தர்சினி.

"அன்ரி வந்தா ஜம்பிங்" எண்டான் கவின்.

அவ என்னைப் பார்த்தா. சோஷல் வேர்க்கர் ஏதோ சொல்லியிருப்பா. ஆனால் பிள்ளையின்ரை வாயாலை கேட்கிறது வேறைதானே.

"அப்ப உங்களிட்டையும் துள்ளுறவனே அன்ரி?"

"ஓம் பிள்ளை. முதல் நாளிலை இருந்து."

"ஒரு மணித்தியாலம் இருக்கிறவன் எண்டு எழுதினது?"

"அது நான் எழுதினது. அவன் இருக்கேல்லை."

அவ சுவரோடை சாய்ஞ்சு அப்பிடியே நிலத்திலை இருந்திட்டா. ஏசுவா எண்டு பார்த்தன். ஏசேல்லை. சிரிக்கிற மாதிரியும் இருந்தது, அழுற மாதிரியும் இருந்தது. பெடியனை இழுத்து மடியிலை வைச்சு, வெறுங்காலைக் கையாலை பொத்திக்கொண்டு சொன்னா:

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதை வாசிச்சு சைன் வைச்சிட்டு, வீட்டை வந்து பாத்ரூமைப் பூட்டிக்கொண்டு அழுவன் அன்ரி. என்ரை பிள்ளைக்கு என்னைத்தான் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன்."

நான் அவவுக்குப் பக்கத்திலை குந்தினன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னன். 

"ஒருக்கா எழுதியிருக்கலாமே அன்ரி," எண்டா. "துள்ளினவன் எண்டு ஒரே ஒருக்கா எழுதியிருந்தால் காணும்."

கவின் அதுக்குப் பிறகு என்னட்டை வரேல்லை. அந்தக் கோடை தர்சினி பரீட்சைக்குப் போகேல்லை எண்டு பிறகு கேள்விப்பட்டன். அடுத்த வருசம் எழுதினவவோ தெரியாது. கேட்கிற முகம் எனக்கில்லை. அந்தச் சனிக்கிழமை திரும்பி வரேக்கை பஸ்ஸிலை கையுறை எடுக்கவெண்டு கோட்டுப் பைக்குள்ளை கைவிட்டால், அந்தச் சோடி சொக்ஸ் இருக்கு. வழக்கமாய்ச் செய்யிற மாதிரி வாங்கிப் பைக்குள்ளை வைச்சிருக்கிறன். திருப்பிக் குடுக்கவும் போகேல்லை.

அதுக்குப் பிறகும் சில வருசம் வேலை செய்தனான். டயரியை மாத்தினன். முதல் வரி, "சொக்ஸ் கழட்டினவர்." பிறகு எத்தினை தரம் பாய்ஞ்சவர், எத்தினை தரம் கூடை தள்ளினவர், எத்தினை நிமிசம் இருந்தவர், மூண்டெண்டால் மூண்டு. ரெண்டு குடும்பம் பிள்ளையை நிப்பாட்டினது. மற்றவை நிண்டவை. ஒரு தாய் டயரியை வாசிச்சுப்போட்டு, "அன்ரி, இங்கையும் இப்பிடியே? அப்பாடா!" எண்டா. எனக்குத் தர்சினியின்ரை முகந்தான் வந்தது.

இந்த வேலைக்கு வாற பிள்ளையளுக்கு நான் சொல்லுறது இதுதான். உள்ளுக்குள்ளை பிள்ளையளை எப்பிடி ஓடவிடுறது எண்டு நீங்கள் கெதியிலை பழகிடுவியள், அது கஷ்டமில்லை. ஆனால் டயரி எழுத முன்னம், இந்தப் பக்கத்தை வைச்சுக்கொண்டு அந்தத் தாய் மழை பெய்யிற ஞாயிற்றுக்கிழமை தன்ரை வீட்டிலை என்ன செய்யப்போறா எண்டு யோசியுங்கோ. நான் அவ சந்தோசப்படட்டும் எண்டு எழுதினனான். அவவுக்குத் தேவையாய் இருந்தது ஒரு கூடை, ஒரு அரிசிப் பை, ஒரு போர்வை. அரிசி தகப்பன்ரை கடையிலை குவிஞ்சு கிடந்தது. போர்வை வீட்டிலையே கிடந்தது. ரோல்ஸ் சுத்துறதுக்கு ஒரு சத்தமும் வராது, கீழ்வீட்டுக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது.